செல்போன் பாட்டரியிலும் சிக்கனம் வேண்டும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தண்ணீரைச் சிக்கனமாகப் பாய்ச்சுவது பற்றியும், உரத்தை அளவறிந்து இடுவது பற்றியும் நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது, சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு பாட்டரியின் சிக்கனம். இது அற்ப விஷயம் என்று தள்ளிவிடலாகாது. ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளில் தொழிலாளரின் வருகையைச் செல்போன் வாயிலாகப் படத்துடன் பதிவு செய்வது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. காலையில் எடுத்த படம் போய்ச் சேர்ந்து, பிற்பகலில் கருவி அணைந்துவிட்டால், அன்று முழுவதும் மண் சுமந்தவரின் கூலிக்கே கேள்வி எழக்கூடும். கட்டி வரும் வீட்டின் படம், சேதமடைந்த பயிரின் படம் ஆகியவையும் உரிய வேளையில் போய்ச் சேர வேண்டியவையே.

சக்தி எவ்வாறு செலவாகிறது?

செல்போன் ஒரு சிறு வானொலி நிலையத்தைப் போன்றது. நமக்குச் செய்தி வரும்போது கோபுரம் பேசுகிறது, கருவி கேட்கிறது. நாம் படம் அனுப்பும்போதோ, கருவியே கோபுரத்திற்கு எட்டும்படி பேச வேண்டும். வரப்பின் மறுமுனையில் நிற்பவரை மெல்ல அழைத்தால் போதும். ஏரியின் மறுகரையில் நிற்பவரை உரக்கக் கூவியல்லவா அழைக்க வேண்டும்? அதுபோலவே, தூரம் மிகுந்தால் கருவி தன் குரலை உயர்த்துகிறது. எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதைக் கோபுரமே இடைவிடாது அதற்கு அறிவிக்கிறது. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் தேவைப்படும் சக்தி நான்கு மடங்காகும். குன்றும் மரமும் சுவரும் குறுக்கிட்டால் இன்னும் கூடும்.

4ஜி கருவி பொதுவாக வெளியிடக்கூடிய உச்ச சக்தி 200 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அதை உண்டாக்கப் பாட்டரியிலிருந்து எடுக்கப்படுவது அதனினும் பன்மடங்கு, எஞ்சியது வெப்பமாகிறது. படம் அனுப்பும்போது கருவி சூடாவதற்கு இதுவும் ஒரு காரணம். இவ்விரயத்தைக் குறைப்பதற்காகவே, 4ஜி முறையை வகுத்த பொறியியலாளர்கள் கோபுரத்திலிருந்து வரும் வழிக்கு ஒரு வகை அலையமைப்பையும், கருவியிலிருந்து போகும் வழிக்கு வேறொரு வகையையும் தேர்ந்தெடுத்தனர்.

சிக்னல் குன்றிய இடத்தில் நஷ்டம் இரட்டிப்பாகும். சக்தி கூடுவதோடு வேகமும் குறைகிறது. சில விநாடிகளில் போக வேண்டிய படம் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. மற்றொன்றும் உண்டு. அனுப்பி முடித்த உடனேயே கருவி ஓய்வு கொள்வதில்லை. மேலும் செய்தி வருமோ என்று பல வலையமைப்புகளில் சுமார் 10 விநாடி விழித்திருக்கிறது. சந்தையில் சுமையை இறக்கிய பின்னும் மாட்டை நுகத்தடியிலேயே நிறுத்தி வைப்பது போன்றது இது.

நாம் செய்யத்தக்கவை

1. அனுப்புவதற்கு நல்ல இடம் தேடுக. தகரக் கொட்டகைக்குள்ளும் தடித்த சுவருக்குப் பின்னும் நின்று அனுப்புவதை விட, மேடான திறந்த வெளிக்கு வருவது நலம். வருகைப் பதிவுச் செயலியிலும், சிக்னல் இல்லாத பணித்தளத்தில் படத்தைப் பதிந்து வைத்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும் வசதி செய்யப்பட்டிருந்தது.

2. சேர்த்து அனுப்புக. பத்துப் படங்களைப் பத்து வேளைகளில் அனுப்பினால் கருவி பத்து முறை வீணே விழித்திருக்கும். ஒன்றாக அனுப்பினால் ஒரு முறையே.

3. படத்தின் அளவைக் குறைத்திடுக. பயிர் நோயைக் காட்ட 4 எம்.பி. படம் எப்போதும் தேவையில்லை. 400 கே.பி. படம் தெளிவாயிருந்தால் பத்தில் ஒரு பங்குச் சுமையே ஏறும். வீடியோ அனுப்புமுன் படம் போதுமா என்று சிந்திக்க வேண்டும்.

4. தானாக ஏறுவதைத் தடுத்திடுக. படங்களையும் வீடியோக்களையும் கருவி தானே இணையத்தில் சேமிக்கும் ஏற்பாட்டை, வைஃபை உள்ளபோது மட்டும் நடக்குமாறு மாற்றிவிடலாம். பஞ்சாயத்து அலுவலகத்தில் வைஃபை இருப்பின் பெரிய கோப்புகளை அங்கிருந்து அனுப்புவதே சாலச் சிறந்தது. சில அடி தூரத்திலுள்ள பெட்டியை எட்டக் கருவி உரக்கக் கூவ வேண்டியதில்லை.

5. சிக்னல் அறவே இல்லாத இடத்தில் கருவி கோபுரத்தைத் தேடித் தேடியே களைத்துப்போகும். அங்கே அதை விமானப் பயன்முறையில் வைக்கலாம். அந்நேரத்தில் அழைப்புகள் வாரா என்பதை நினைவிற் கொள்க.

பஞ்சாயத்தின் கடமை

இவையாவும் தனிமனிதர் செய்யக்கூடியவை. பஞ்சாயத்துச் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு குக்கிராமத்திலும், பணித்தளத்திலும் சிக்னல் நன்கு கிடைக்கும் இடம் எது என்று உறுப்பினர்கள் நடந்து பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். பணித்தளப் பொறுப்பாளருக்கும் அதைக் காட்ட வேண்டும். எங்குமே கிடைக்காத ஊர்களின் பெயரைக் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்ப வேண்டும். பாட்டரி சிக்கனத்தால் மட்டும் கோபுரமில்லாக் குறை தீர்ந்துவிடாது.

ஏற்றம் இறைத்த நாளில் ஒரு சால் நீரையும் நம் முன்னோர் வாய்க்காலில் வீணாக்கியதில்லை. அந்தப் பொறுப்புணர்ச்சியை இந்தச் சிறு கருவியிடத்தும் காட்டுவோமாக. உழைத்தவரின் ஒருநாள் கூலி, ஒரு பாட்டரியின் சோர்வால் தவறிப்போகாதிருக்கட்டும்.