பங்கு கொள்வார் கடமை

(வட்டக்கோட்டையில் கூடிய நம் சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் பணிக்கப்பெற்ற பொருள் எம் தொழிலுக்குச் சற்றே புறம்பானது. இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து ஊதியம் பெறும் தமிழாசிரியர், கம்பெனிப் பங்குகளைப் பற்றிப் பேசுதல் தகுமோ என்று சிலர் ஐயுறலாம். எனினும், பொருள் நிலைக்களனின்றி எச்சொல்லும் பயனில்லை. அதுபோலவே முதல் நிலைக்களனின்றி எச்சங்கமும் நில்லாது. ஆதலின் இப்பணியை ஏற்றுக்கொண்டோம். பிழையுளதேல் பொறுத்தருள்க.

சென்ற கூட்டத்தில் நம் இளைஞர் சிலர் ஒரு வேண்டுகோளைக் கொணர்ந்தமை அன்பர்கள் அறிவீர்கள். அமெரிக்க நாட்டிலே, மூக்குக் கண்ணாடியிலேயே எழுத்தும் படமும் தோன்றுமாறு செய்யும் கருவியை இயற்றும் சிறு கம்பெனியொன்று உளது. அதன் பங்குகளை அவ்விளைஞர்கள் தம் கைப்பொருளைக் கொண்டு வாங்கியுள்ளனர். நாள்தோறும் மாலையில் கூடி அக்கம்பெனியின் எதிர்காலத்தை ஆராய்கின்றனர். "விலை மலிந்திருக்கும் இக்காலத்தே நம் கல்வி நிதியில் மூன்றிலொரு பங்கை அதிலிட்டால், ஐந்தாண்டில் அது பன்மடங்காகும், நம் பிள்ளைகள் பலர் பட்டப் படிப்புப் பெறுவர்" என்பது அவர்கள் கூற்று. செயற்குழுவார் இரு கூறாகப் பிரிந்தனர். பெரியோர் சிலர் இளைஞரைச் சூதாடிகள் என்றனர். இளைஞர் சிலர் பெரியோரைக் கிணற்றுத் தவளைகள் என்றனர். இரண்டும் தகாத சொற்கள். முதலிடுவோன் ஆராய்தல் கடமை. ஆராய்கின்ற இளைஞரை இகழ்தல் அறமன்று. ஆனால் ஆராய்ச்சி எவ்வழிச் செல்லவேண்டும் என்பதே வினா.

முதற்கண் பொருளின் இயல்பை நோக்குவோம். கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்திலே கடுகளவாய்ச் சுருங்கிய ஒளித்திரை அமைக்கப்பெறுகிறது. அதிலெழும் ஒளி கண்ணாடியினுள்ளே புகுந்து, உட்பரப்புகளில் மீண்டும் மீண்டும் எதிரொளிர்ந்து சென்று, விழிக்கு நேரான இடத்திலே வெளிப்படுகிறது. அணிந்தோர்க்கு எதிரிலுள்ள உலகமும் தோன்றும். அதன்மேல் எழுத்தும் தோன்றும். வியக்கத்தக்க வித்தையே. ஆயின் இடர்கள் நான்கு உள: எடை மிகுதல், மின்கலம் விரைவிற் தீர்தல், சூடேறுதல், வெயிலிலே காட்சி மங்குதல். நம் ஊர்ச் சித்திரை வெயிலை எண்ணிப் பார்ப்பின் நான்காவது இடரின் பெருமை விளங்கும்.

இவ்விடர்களோடு பொருதவர் சிறியரல்லர். கூகுள் கம்பெனியார் 2013-ஆம் ஆண்டிலே இத்தகைய கண்ணாடியை 1,500 டாலர் விலைக்கு வெளியிட்டனர்; 2015-லே பொதுமக்களுக்கு விற்றலை நிறுத்தினர்; 2017-லே தொழிற்சாலைகளுக்கென்று மீண்டும் கொணர்ந்து, 2023-லே அதனையும் நிறுத்தினர். மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் 2016-லே தொடங்கிய ஹோலோலென்ஸ் என்னும் கருவியின் உற்பத்தி 2024-லே நின்றது. மேஜிக் லீப் என்னும் கம்பெனி 200 கோடி டாலருக்கு மேல் முதல் திரட்டி 2018-லே தன் கருவியை வெளியிட்டது. 2020-லே ஊழியருட் பலரை விலக்க நேர்ந்தது. ஆயினும் வித்தை சாகவில்லை. 2025-லே மெட்டா கம்பெனியார் திரையுள்ள கண்ணாடியை 799 டாலருக்கு விற்கத் தொடங்கினர். எனவே "இக்கருவி வெல்லுமோ?" என்னும் வினாவுக்கு, "வெல்லக்கூடும்" என்றே விடையிறுப்போம். ஆனால், கருவி வெல்லுதல் வேறு. நாம் பங்கு கொண்ட கம்பெனி வெல்லுதல் வேறு. நாம் கொடுத்த விலைக்கு இலாபம் வருதல் வேறு. மூன்றையும் ஒன்றாக மயங்குதலே சிறு முதலாளர்க்கு நேரும் பெரும்பிழை.

இதற்கு நமக்கு மிக அண்மையிலேயே ஒரு சான்று உளது. தூத்துக்குடியில் ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் முயன்று 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்வித்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய், பங்குகள் 40,000, பங்கொன்றின் விலை 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரவர்கள் அதன் தலைவராயினார். பெருவணிகரும் பங்கு கொண்டனர். சிறுபொருளுடையாரும் பங்கு கொண்டனர். முதலிலே வாடகைக் கப்பல்களைக் கொண்டு நடத்தினர். அவ்வழி அடைபட்டமையின் 1907-லே காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைச் சொந்தமாக வாங்கிக் கொழும்புக்குச் செலுத்தினர்.

மக்கள் அன்பு அக்கம்பெனிக்குக் குறைந்ததா? இல்லை. நோக்கம் தாழ்ந்ததா? இல்லை. நடத்தியோர் வஞ்சகரா? இல்லவே இல்லை. எனினும் எதிர்நின்ற பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, கட்டணத்தை ஒரு ரூபாய்க்குத் தாழ்த்தியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. எதிரிகள் கட்டணமின்றியே ஏற்றிக்கொண்டு குடையும் இனாமாகக் கொடுக்க முன்வந்தனர் என்பர். பிற ஊர்களிலே இலாபம் ஈட்டுவோர் ஓர் ஊரிலே நெடுநாள் நஷ்டம் பொறுப்பர். ஓர் ஊரிலேயே பிழைப்போர் பொறுக்கமாட்டார். 1908 மார்ச்சிலே பிள்ளையவர்கள் சிறைப்பட்டனர். கம்பெனி 1911-லே கலைக்கப்பெற்றது. அதன் கப்பலும் எதிரிக் கம்பெனியார்க்கே விலைப்பட்டது.

அன்று 25 ரூபாய் கொடுத்தவர் பலர் அதனைத் தேசத்துக்கு இட்ட காணிக்கையாகவே கொடுத்தனர். ஆதலின் முதல் போயினும் அவர்கள் ஏமாந்தாரல்லர். ஆனால் நம் இளைஞர் கேட்பது காணிக்கையன்று. பிள்ளைகளின் படிப்புக்கு வட்டி ஈட்டும் முதலீடு. காணிக்கையை நெஞ்சைக் கேட்டுக் கொடுக்கலாம். முதலீட்டைக் கணக்கைக் கேட்டே கொடுக்கவேண்டும். கூகுள், மெட்டா, ஆப்பிள் முதலிய பெருங்கம்பெனிகள் நஷ்டத்தைப் பொறுத்து நிற்கும் கடலிலே, ஒரு சிறு கம்பெனி எத்தனை நாள் மிதக்கும் என்று கணக்குப் பார்க்கவேண்டாவா?

கணக்கு அரியதன்று. ஒரு கம்பெனியின் கையிருப்பு 10 கோடி; ஆண்டுதோறும் நஷ்டம் 4 கோடி எனக் கொள்வோம். அதன் ஆயுள் இரண்டரை ஆண்டு. பின்னர்க் கடன் வாங்கவேண்டும், அல்லது புதுப்பங்கு வெளியிடவேண்டும். மொத்தம் 100 பங்கிலே நமக்கு 10 இருப்பின் பத்திலொரு கூறு நம்முடையது. இன்னும் 100 பங்கு வெளியிட்டால் நம் 10 பங்கு குறையாது. நம் கூறோ இருபதில் ஒன்றாகும். பாலில் நீர் வார்த்தலை ஒக்கும் இது. பங்கின் விலை ஒரு டாலருக்குக் கீழே தாழ்ந்து 30 வணிக நாள் தொடர்ந்து நின்றால், நாஸ்டாக் சந்தையார் எச்சரிக்கை விடுப்பர். அப்போது பத்துப் பங்கை ஒரு பங்காக்கி விலையை உயர்த்திக் காட்டுவதும் உண்டு. விலைச்சீட்டு உயருமேயன்றி நம் செல்வம் உயராது.

மறுபுறத்தையும் கூறுதல் நடுவுநிலைமை. ஈமேஜின் என்னும் சிறு கம்பெனி இக்கருவிகட்குரிய நுண்திரைகளைச் செய்துவந்தது. அதனைச் சாம்சங் டிஸ்பிளே கம்பெனியார் 2023-லே பங்கு ஒன்றுக்கு 2.08 டாலர் வீதம் கொடுத்து வாங்கினர். மலிவாக வாங்கிவைத்தோர் இலாபம் பெற்றனர். 2021-லே அதனினும் உயர்ந்த விலைக்கு வாங்கியோர் நஷ்டமே எய்தினர். கருவி ஒன்றே, கம்பெனி ஒன்றே. வாங்கிய விலை இருவரையும் பிரித்தது.

பழமையும் பெருமையும் காவலாகும் என்று கருதுவோரும் உளர். சென்னையில் அர்பத்நாட் கம்பெனி பெரும்புகழ் பெற்றிருந்தது; 1906 அக்டோபரிலே முறிந்தது. வைப்புப்பணம் இட்ட பல்லாயிரவர் கலங்கினர். நம் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த காலத்திலே, திருவிதாங்கூர் நேஷனல் அன்ட் குயிலன் பாங்கு 1938 ஜூனிலே கதவடைத்தது. இரண்டு பாங்குகள் கூடி ஒன்றாகி ஓராண்டே ஆகியிருந்தது. எனினும் அர்பத்நாட் முறிவினால் கற்ற பாடத்தைக் கொண்டே 1907-லே இந்தியன் பாங்கு தோன்றியது. அஃது இன்றும் நிலவுகிறது. ஆகலின் பயந்து ஒதுங்குதலும் அறிவன்று.

எம் பிழையையும் ஈண்டு ஒளியாது கூறுதல் கடன். எட்டாண்டுகளுக்கு முன், நண்பரொருவர் சொற்கேட்டு, வீட்டின் ஓடு மாற்றுவதற்கென்று சிட்டி பிடித்த 60,000 ரூபாயை ஒரு கம்பெனியின் பங்கிலே இட்டோம். ஆண்டறிக்கையைப் புரட்டினோமில்லை. எம் இல்லாளிடத்தும் உரைத்தோமில்லை. விலை ஏறிய நாளிலே எம் மதிநுட்பத்தை யாமே வியந்தோம். இறங்கிய நாளிலே, "மீண்டும் ஏறும்" என்று எமக்கு யாமே தேறுதல் கூறினோம். ஒத்த கருத்துடைய நால்வர் நாள்தோறும் கூடி ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம், மாறுபட்டுரைத்தவரைப் பகைத்தோம். இறுதியிலே 7,000 ரூபாய் மீண்டது. ஆனிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் மூன்றாண்டு வீடு ஒழுகியது. ஒழுகுமிடத்திற் பாத்திரம் வைத்த எம் இல்லாள் ஒருசொல்லும் கூறிற்றிலர். அஃதே எமக்குப் பெருந்தண்டமாயிற்று. எனவே நம் இளைஞரைக் கடிய எமக்கு உரிமையில்லை. எச்சரிக்க மட்டுமே உரிமையுண்டு.

இனிக் கல்வி நிதிக்கு வருவோம். வெளிநாட்டுப் பங்கு வாங்க ரிசர்வ் வங்கியார் வகுத்த வழியிலே, இந்நாட்டில் வாழும் தனிமனிதர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். இவ்வாய்ப்பு தனிமனிதர்க்கே உரியது. சங்கத்துக்கும் அறநிலையத்துக்கும் உரியதன்று. வரிவிலக்குப் பெறும் அறநிதியை இன்னின்ன வகையில்தான் இடவேண்டும் என்று வருமானவரிச் சட்டமும் வரையறுத்துள்ளது. ஒருவர் பெயரால் வாங்கிச் சங்கத்துக்கென்று வைத்துக்கொள்வோம் எனின், அது சட்டத்துக்கும் முரண். அவ்வொருவர் மறைந்தால் வழக்குக்கும் வித்து. சட்டம் ஒருபுறம் நிற்க, அந்நிதியிலே தேங்காய் விற்ற காசும் பூக்கட்டி விற்ற காசும் உள. தந்தவர் "படிப்புக்கு" என்று தந்தனரேயன்றி, "பந்தயத்துக்கு" என்று தந்தாரல்லர். பிறர் முதலை இழத்தற்கு நமக்கு உரிமை யாது?

ஆதலின் கல்வி நிதி இருக்குமிடத்திலேயே இருக்க என்பது எம் துணிபு. தம் சொந்தப் பொருளை இட விரும்பும் இளைஞர், வாங்குமுன் நான்கு வினாக்களைத் தாளிலே எழுதி விடை காண்க. கம்பெனியின் கையிருப்பு எத்தனை ஆண்டுக்குப் போதும்? சென்ற மூன்றாண்டிலே பங்குகளின் தொகை எவ்வளவு பெருகியது? கருவியை விலைகொடுத்து வாங்குவோர் யாவர்? இட்ட பணம் முழுதும் போயின் வீட்டில் எவ்வேலை நிற்கும்? முதல் மூன்றுக்கும் விடை கம்பெனியின் ஆண்டறிக்கையிலே கிடைக்கும். அமெரிக்கக் கம்பெனிகள் அதனை அரசுக்கு அளிக்கின்றன, எவரும் இனாமாகப் படிக்கலாம். நான்காவதற்கு விடை இல்லாளிடமும் பெற்றோரிடமுமே உண்டு. மாலைக்கூட்டம் நிற்கவேண்டுவதில்லை, ஆனால் ஒவ்வொரு மாலையும் ஒருவர் எதிர்வாதம் செய்ய நியமிக்கப்பெறுக. அறிக்கை படிக்கக் கற்பிக்க விரும்பும் பட்டயக் கணக்கர் எவரேனும் நம்முள் இருப்பின், சங்கக் கட்டிடம் ஞாயிறுதோறும் திறந்திருக்கும்.

அன்பர்களே! இதோ நம் எதிரிலே நிற்கும் கோட்டையைக் காண்மின். குளச்சற் போரிலே 1741-லே சிறைப்பட்ட டிலனாய் என்னும் டச்சுக்காரரே பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவராகி இதனைக் கருங்கல்லாற் கட்டுவித்தார். தோற்றவர் தோல்வியிலே கற்றார், கற்றவர் கட்டினார். அவர் நிலப்புறத்துக்கு மட்டும் மதில் எடுத்தாரல்லர். அழகாய் அலையடிக்கும் கடற்புறத்துக்கும் எடுத்தார். நாமும், நம் கண்ணுக்கு இனிதாய்த் தோன்றும் திசைக்கே முதலில் மதிலெடுப்போமாக.