இளவேனிற் பயணமும் இரு குடும்பங்களும்

முதுமையில் நெடும்பயணம் செல்வோர்க்கு நற்றுணை வேண்டும். கணவனும் மனைவியுமாகத் தனித்துச் சென்றவிடத்து ஒருவர் நோயுற்றால், மற்றவர் மருந்துக்கு ஓடுவதா, அருகில் இருப்பதா எனத் திகைக்க நேரும். ஆதலின் ஒத்த வயதினரான மற்றொரு தம்பதியரோடு சேர்ந்து புறப்படுதல் நன்று. ஆனால், வேலிக்கு இருபுறமும் முப்பது ஆண்டுகள் இனிது பழகியோர், இரண்டு வாரம் ஒருங்கே உண்டு நடந்து திரும்பியபின் முகங்கொடாது போவதும் உண்டு. பயணத்திட்டம் என்பது நாளும் ஊரும் குறிப்பது மட்டுமன்று. நட்பைக் காக்கும் ஏற்பாடும் அதுவே.

யாழ்ப்பாணத்து அயலவர் இருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் இளைப்பாறிய தபாலதிபர். மற்றவர் இளைப்பாறிய நில அளவையாளர். இருவரும் தத்தம் மனைவியரோடு யப்பானிய இளவேனிலின் செரிப்பூக்களைக் காண விரும்புகின்றனர் என்க.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது காலம். டோக்கியோவிலும் கியோத்தோவிலும் இம்மரங்கள் பெரும்பாலும் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அரும்பவிழத் தொடங்குகின்றன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் முழுமலர்ச்சி எய்தி, சின்னாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு நாளும் மாறும். 2021ஆம் ஆண்டில் கியோத்தோவில் மார்ச் 26ஆந் திகதியே முழுமலர்ச்சி உண்டாயிற்று. அந்நகரின் பன்னூற்றாண்டுக் குறிப்புகளில் அதுவரை அத்துணை முந்திய மலர்ச்சி காணப்பட்டதில்லை. எனவே ஒரே நாளை நம்பாது, மார்ச் இறுதியையும் ஏப்ரில் தொடக்கத்தையும் தழுவிப் பத்து நாள் ஒதுக்குதல் அறிவுடைமை. சித்திரைப் புத்தாண்டுக்கு வீடு திரும்பவும் அது வசதியாகும்.

அடுத்தது உடல்நிலை. அக்காலத்து விடியற்பொழுதில் வெப்பநிலை 5 பாகை செல்சியசை அண்டுவதுண்டு. நுவரெலியாவிற்கு எடுத்துச்சென்ற ஒற்றைக் கம்பளிச்சட்டை அங்கே போதாது. புகையிரத நிலையங்கள் மிகப் பெரியன. ஒரு மேடையிலிருந்து மற்றொரு மேடைக்குச் செல்வதே நெடுநடையாகலாம். பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு முன்கூட்டியே அனுப்பும் சேவை அந்நாட்டில் உண்டு. முதியோர் அதனைப் பயன்படுத்தவேண்டும். பழைய முறையிலான விடுதிகளில் தரைப்பாயின்மீது மெத்தை விரித்தே படுக்க நேரும். தபாலதிபரின் மனைவிக்கு முழங்கால்வலி இருப்பின், கட்டிலுள்ள அறையை முன்னரே கேட்டுப் பெறுதல் வேண்டும். அவர் வலியை மறைத்து, 'எனக்கொன்றும் இல்லை' என்று சொல்லிப் புறப்படுவாராயின், மூன்றாம் நாள் நால்வரின் பயணமும் தடைப்படும். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை வைத்தியரின் கடிதத்தோடு எடுத்துச்செல்வது மட்டும் போதாது. சாதாரணத் தடிமனுக்கும் இருமலுக்கும் உரிய சில மருந்துகளுக்கே அந்நாட்டில் தடையும் கட்டுப்பாடும் இருத்தலால், அதையும் விசாரித்தறிதல் வேண்டும்.

உணவும் ஆராய்தற்குரியது. யப்பானியச் சாறுகள் பலவற்றில், நம்மவர் அறிந்த மாசியை ஒத்த மீன்சீவல் சேர்கின்றது. மரக்கறி மட்டுமே மிதப்பதைக் கண்டு சைவ உணவென்று கொள்ளலாகாது. நில அளவையாளர் குடும்பத்தினர் சைவ உணவினராயின், பௌத்த ஆலயங்களைச் சார்ந்த மரக்கறி உணவு கிடைக்குமிடங்களை முன்னரே குறித்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் எளியன. அரியது பணத்தைப் பற்றிப் பேசுவது. தபாலதிபருக்கு ஓய்வூதியமே வருவாய். நில அளவையாளருக்கோ கனடாவிலிருந்து மகன் அனுப்பும் பணமும் உண்டு. செல்வமுடையவர் உயர்ந்த விடுதியைக் காட்ட, மற்றவர் மானத்திற்கு அஞ்சித் தலையசைப்பாராயின், பூவைக் காணும்போதும் அவர் உள்ளம் கணக்கையே கூட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, செலவின் எல்லையைக் குறைந்த வசதியுடையவர் முதலில் கூறவேண்டும். அதனைக் கேட்கும் பொறுப்பு மற்றவருடையது. 'மிகுதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்னும் சொல் அன்பினாற் பிறப்பினும், கேட்பவர்க்குச் சுமையாகலாம். உணவுக்கும் வண்டிக்கும் சமபங்கில் ஒரு பொதுப்பணப்பை வைத்துக்கொள்ளலாம். விருப்பப் பொருள்களை அவரவர் தம் பணத்தில் வாங்கலாம். வீசா கிடைக்குமுன், திருப்பிப் பெறவியலாத பணத்தை எவரும் கட்டலாகாது. நால்வருக்கும் மருத்துவக் காப்புறுதி இருத்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. நாள்தோறும் ஒரு வேளையாவது இரு தம்பதியரும் தனித்தனியே இருக்க இடம் வைக்கவேண்டும். ஒருவர் களைத்து விடுதியில் தங்கினால், ஏனையோர் குற்றவுணர்வின்றிச் சென்று வரலாம் என்பதையும் வீட்டிலிருந்தே பேசி முடித்தல் நன்று.

பூக்கள் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. ஒரு பங்குனியைத் தவறவிட்டால், அடுத்த பங்குனியில் நால்வருக்கும் நடக்கும் வலு இருக்குமென்று எவரும் உறுதி கூறவியலாது. ஆதலின் காலந்தாழ்த்தாது புறப்படுதல் வேண்டும். எனினும், புறப்படுமுன் ஒரு மாலைப்பொழுது நால்வரும் ஒருங்கிருந்து, கூச்சம் விட்டு உடலையும் பணத்தையும் பற்றிப் பேசுதல் அதனினும் முதன்மையானது. திரும்பி வந்தபின்னும் வேலியோரத்தில் அப்பேச்சுத் தொடருமாயின், அப்பயணம் நன்கு திட்டமிடப்பட்டதென்று கொள்ளலாம்.