ஓடுபாதையின் நீளம்

வானில் பறக்கும் ஊர்தி தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனாரின் புறநானூற்றுப் பாடலொன்றில் செலுத்துவோன் இல்லாமலே செல்லும் வானூர்தி வருகிறது. நல்வினை செய்தோர்க்கு அது வாய்க்குமாம். சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் காட்டும் மயிற்பொறியோ மனிதன் செய்த இயந்திரம். ஆகவே அதற்குப் பயிற்சி வேண்டும். பொறியை ஒரு பக்கம் திருகினால் எழும். மறுபக்கம் திருகினால் இறங்கும். விசயை இரண்டையும் முன்னரே பழகிக்கொள்கிறாள்.

மயிற்பொறிக்கு ஓடுபாதை தேவைப்படவில்லை. விமானத்துக்குத் தேவைப்பட்டது. தொடக்க காலத்தில் விமான நிலையங்கள் இல்லாத ஊர்களில் குதிரைப்பந்தயத் திடலின் புல்தரையே ஓடுபாதையாயிற்று. 1912 இல் கொழும்புப் பந்தயத் திடலில் பறக்க முயன்ற பிரான்ஸ் ஒஸ்டர் என்ற ஜேர்மானியர் விபத்துக்குள்ளானார். அதே ஆண்டு டிசம்பரில் அதே திடலில் மார்க் பூர்ப் என்ற பிரெஞ்சுக்காரர் வெற்றிகரமாகப் பறந்தார்.

ஒஸ்டர் பின்னர் சீனாவில் ஜேர்மனியரின் வசமிருந்த சிங்தாவ் நகருக்குச் சென்றார். அங்கும் குன்றுகள் நெருக்கிய சிறிய பந்தயத் திடலே விமானத்தளம். 1914 ஜூலை இறுதியில் முல்லர்ஸ்கொவ்ஸ்கி என்ற விமானி அங்கிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து படுகாயமடைந்தார். ஆகஸ்டில் ஒஸ்டரின் விமானமும் எழும்போதே விழுந்தது. அதே திடலிலிருந்து பறந்து புகழ்பெற்ற புளூஷோ 1916 இல் தம் அனுபவத்தை நூலாக்கினார். உலகம் அவரை நினைவில் வைத்துக்கொண்டது. மற்ற இருவரையும் ஏறத்தாழ மறந்தது.

விழுந்தவர்களுக்குத் துணிவு குறைவா? இல்லை. புல் சில்லுகளைப் பிடித்திழுக்கும். மழையில் நனைந்த புல் இன்னும் இழுக்கும். வேகம் போதாமல் விமானத்தைத் தூக்கினால், நிலத்தை ஒட்டிய காற்று சிறிது தூரம் தாங்கும். அதற்குமேல் மூக்கை உயர்த்தினால் இறக்கைகள் காற்றின் பிடியை இழக்கும், விமானம் விழும். நமுனுகுல போன்ற உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைந்தது. அங்கே அதே விமானத்துக்கு இன்னும் நீண்ட ஓட்டம் வேண்டும்.

அதனால்தான் விமானிகளிடையே ஓர் எளிய கணக்கு உண்டு. பாதையின் பாதியைக் கடக்கும்போது எழுவதற்குரிய வேகத்தில் 70 வீதம் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் இயந்திரத்தின் விசையைக் குறைத்து நின்றுவிட வேண்டும். நுனிக்கொம்பில் ஏறியவன் அதற்கும் மேலே ஏற முனைந்தால் உயிருக்கே முடிவு என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிப்பதும் இதுவே.

நேயர்களே, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்து நாம் 'முயன்றால் முடியும்' என்கிறோம். நல்ல வார்த்தைதான். ஆனால், அவர்கள் ஓடும் பாதை எவ்வளவு நீளம் என்று அளந்தோமா? பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலை, மாலையில் பஸ் இல்லாத பாதை, படிக்க மூலையில்லாத லயத்து அறை: இவையெல்லாம் குறுகிய, ஈரமான புல்தரைகள். அங்கே ஒரு பிள்ளை எழும்ப முடியாமல் நின்றால், 'இவனுக்கு இறக்கையில்லை' என்று தீர்ப்புச் சொல்கிறோம்.

நின்றவன் தோற்றவனல்லன். அவன் தொடக்க இடத்துக்குத் திரும்பி மீண்டும் ஓடலாம். அதற்குள் பாதையை நீட்டுவது பெரியவர்களாகிய நம்முடைய வேலை.