இரட்டை எஞ்சின் விமானம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

முன்வரிசையில் அமர்ந்து என் கையிலுள்ள பெட்டியையே நோக்கிக்கொண்டிருக்கும் சிறுவர் சிறுமியரே!

சென்ற மாதங்களில் இம்மேடையில் புலவர் பெருமக்கள் சிலம்பின் சுவையையும் குறளின் பொருளையும் எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்தோம். அவர்கள் நின்ற இடத்தில், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் என்னை நிறுத்தி, "உங்கள் பொம்மை விமானத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று செயலாளர் பணித்துவிட்டார். இலக்கியம் கேட்க வந்தோர் பொறுத்தருள வேண்டும்.

நீலசந்திராவில் நெடுநாள் வாழ்ந்தோர்க்கு விமானம் புதுமையன்று. 2008-ஆம் ஆண்டு மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்படும்வரை, பயணிகள் விமானங்கள் நம் வீட்டு மொட்டை மாடிகளுக்கு மேலாகத் தாழ்ந்தே எச்.ஏ.எல். நிலையத்தில் இறங்கின. துணி உலர்த்தும் பெண்கள் அதன் சக்கரங்களைக் கண்ணாற் காண்பார்கள். வானொலிச் செய்தி கேட்பவர் அரை நிமிடம் செய்தியை இழப்பார். அந்த எச்.ஏ.எல். தொழிற்சாலையை வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு 1940-ஆம் ஆண்டு தொடங்கினார். அங்கு வேலைக்கென்று வந்து இவ்வூரிலேயே நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுள் எத்தனை பேர் ஓர் இறக்கையைக் கையால் தொட்டிருப்பார்கள்?

அத்தொழிற்சாலையில் உருவான மாருத் என்னும் போர் விமானம் இரண்டு எஞ்சின் உடையது. ஜெர்மானியரான குர்ட் டாங்க் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1961 ஜூன் 17-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. அதற்கு முன்பே, 1959-இல், அதே அளவில் மரத்தால் ஓர் எஞ்சினில்லா விமானம் செய்து, டக்கோட்டா விமானத்தின் பின்னே கட்டி இழுத்து, உயரத்தில் அவிழ்த்துவிட்டுப் பறக்கவைத்துப் பார்த்தார்கள். பெரியவர்களே முதலில் மரத்தில் செய்து பார்த்தார்கள் என்றால், நம் பிள்ளைகள் செய்வதை விளையாட்டென்று தள்ளிவிடல் தகுமா?

நிற்க. என் தங்கையின் மகனுக்கு வயது பதினான்கு. அவன் தந்தை 2021-ஆம் ஆண்டின் கொரோனாக் கொடுமையில் மறைந்தார். அதன்பின் பையன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். கேட்டதற்கு மட்டும் விடை சொல்வான். ஒரு நாள் நகரத்துக் கடையொன்றில் மாதிரி விமானப் பெட்டிகளைக் கண்டு நின்றுவிட்டான். கடைக்காரர் நல்லவர், "முதன்முதல் செய்பவருக்கு ஒற்றை எஞ்சினே போதும், இரட்டை எஞ்சின் தொல்லை தரும்" என்று உண்மையைச் சொன்னார். பையன் இரட்டை எஞ்சின் பெட்டியின்மீது வைத்த கையை எடுக்கவில்லை. "ஏனடா?" என்றேன். "ஒன்று நின்றாலும் இன்னொன்று ஓடும் அல்லவா, மாமா?" என்றான். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பணத்தைக் கொடுத்தேன்.

இவ்வகை விமானத்திற்கு 'கண்ட்ரோல் லைன்' என்று பெயர். பறக்கவிடுபவர் நடுவில் நிற்க, விமானம் அவரைச் சுற்றி வட்டமிடும். அவர் கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் இடப்பக்கத்து இறக்கை வழியாக உள்ளே சென்று, 'பெல் கிராங்க்' என்னும் முக்கோணத் தகட்டின் இரு முனைகளைப் பற்றியிருக்கும். தகட்டின் மூன்றாம் முனையிலிருந்து ஒரு கம்பி வால் வரை ஓடி, அங்குள்ள அசையும் தட்டை மேலும் கீழும் திருப்பும். கைப்பிடியைச் சாய்த்தால் விமானம் ஏறும்; மாற்றிச் சாய்த்தால் இறங்கும். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து ஜிம் வாக்கர் என்பார் இம்முறையைப் பெட்டியிலடைத்து விற்று உலகெங்கும் பரப்பினார்.

பெட்டியைத் திறந்து அந்த முக்கோணத் தகட்டைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரயில்வேயில் இதை அறியாதார் யார்? கைகாட்டி மரத்திற்குக் கேபினிலிருந்து ஓடும் கம்பி திரும்புமிடத்தில் இருப்பது இதன் பெரிய அண்ணன்தான். பழைய கைகாட்டிகளில் ஒரு நுட்பம் உண்டு. கம்பி எங்கேனும் அறுந்துபோனால், கை தன் எடையாலோ எதிர் எடையாலோ தானே 'நில்' என்ற நிலைக்கு மீண்டுவிடும்; 'போ' என்று பொய் சொல்லி ரயிலைக் கவிழ்க்காது. பழுது நேரும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, நேரும்போது அது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். இதைப் பிறகு நான் மறந்தேன். மறந்ததன் பலனையும் கண்டேன்.

மரவேலையைச் சற்று விரித்தே சொல்கிறேன், ஏனெனில் நாங்கள் இருவரும் நான்கு மாதம் அதிலேயே வாழ்ந்தோம். பெட்டியில் இருந்தவை பால்சா மரத்தின் தகடுகளும் குச்சிகளும். தென் அமெரிக்காவில் விளையும் இம்மரம் தண்ணீரின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். நகம் பட்டாலே பள்ளம் விழும். வடிவம் 'மாஸ்கிட்டோ' என்னும் ஆங்கிலேயப் போர் விமானத்தைத் தழுவியது. 1940-இல் முதற் பறப்புக் கண்ட உண்மை மாஸ்கிட்டோவும் பால்சாவையும் ஒட்டுப்பலகையையும் கொண்டு செய்யப்பட்டதே. 1944-இல் இந்தியாவில் பணியிலிருந்த அவ்விமானங்கள் சிலவற்றின் இறக்கைகள் ஒட்டு விட்டுப் பிளந்தன. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் ஒரு காரணம், ஒட்டிய வேலையின் குறை மற்றொன்று. இக்கதையைப் பையனுக்குச் சொன்ன நாள்முதல், ஒவ்வோர் இணைப்பையும் மறுநாள் வரை அழுத்தி வைக்காமல் அவன் அடுத்ததைத் தொடுவதில்லை. அந்த ஆண்டு மழையோ விடாமல் பெய்தது. பால்சாத் தகடுகள் ஈரத்தில் வளைந்துவிடாதிருக்க, என் மனைவி அவற்றைத் தன் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் வைத்துக்கொடுத்தாள். எந்தப் புத்தகத்திலும் காணாத முறை, நன்றாகவே பயன்பட்டது.

எஞ்சின் பொருந்தும் இடங்களில் மட்டும் கடினமரம். அங்கே அரால்டைட். சாதாரணப் பசை எண்ணெயிலும் அதிர்ச்சியிலும் நிற்காது. வெளிப்பக்கத்து இறக்கை நுனியில் ஒரு சிறு ஈயக் கட்டி வைத்தோம். உட்பக்கத்து இறக்கை இழுக்கும் கம்பிகளின் பாரத்தை அது ஈடுசெய்யும். பின்னாலுள்ள சுக்கானைச் சற்றே வெளிப்புறமாகத் திருப்பி ஒட்டினோம். இவ்வளவும் ஒன்றுக்காகவே: விமானம் எப்போதும் நம்மை விட்டு விலகிச் செல்லவே விரும்ப வேண்டும். அது விலக விரும்பினால்தான் கம்பி இறுகும். கம்பி இறுகினால்தான் நம் சொல்லை அது கேட்கும்.

பையன் இதற்குக் கணக்கும் போட்டான். முப்பத்தைந்தடிக் கம்பியில் ஐந்து விநாடிக்கு ஒரு சுற்று சுற்றினால், விமானம் தன் எடையைப் போல் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு இழுக்கும். வேகம் பாதியானால் இழுப்பு பாதியாகாது; காலாகிவிடும். பள்ளியில் கணக்கில் பின்தங்கிய பையன் இவன்!

எஞ்சின்கள் இரண்டும் கட்டைவிரலளவே, கொள்ளளவு 0.8 சி.சி. எரிபொருள் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் நைட்ரோமீத்தேனும் கலந்தது. இங்கே தாய்மார்கள் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கள்ளச்சாராயத்தில் கலந்து உயிரையும் கண்ணையும் பறிப்பது இந்த மெத்தனாலே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். எனவே அதைப் பூட்டி வையுங்கள். குடிதண்ணீர்ப் புட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். விசிறியின் வழியில் விரலை நீட்டலாகாது. மின்கம்பி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இவ்விமானத்தைப் பறக்கவிடவே கூடாது. கையில் பிடித்திருப்பது உலோகக் கம்பி. நம் பேட்டையில் மின்கம்பி தெரியாத இடம் ஏது? ஆகையால் விமானத்தை அட்டைப் பெட்டியில் வைத்து, பாசஞ்சர் வண்டியேறி, செங்கல்லுக்கும் ஓட்டிற்கும் பேர்போன மாலூர் சென்றோம். அங்கே ஊருக்கு வெளியே வற்றிய ஏரி ஒன்று உண்டு.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

விமானம் இடப்புறமாகச் சுற்றுவதால், அதன் இடப்பக்கத்து எஞ்சின் நமக்கு அருகில் இருப்பது. அதை உள் எஞ்சின் என்போம். வலப்பக்கத்தது வெளி எஞ்சின். இரண்டின் எண்ணெயும் ஒரே கணத்தில் தீர்வதில்லை, ஒன்று முந்தும். வெளி எஞ்சின் முதலில் நின்றால், உள் எஞ்சின் மட்டும் இழுக்கும். அது மூக்கை வெளிப்புறம் திருப்பும். கம்பி இறுகியே இருக்கும். உள் எஞ்சின் முதலில் நின்றாலோ, வெளி எஞ்சின் மூக்கை நம் பக்கமே திருப்பிவிடும், கம்பி தளரும், அதன்பின் கைப்பிடி வெறும் கட்டை. ஆகவே வெளி எஞ்சினை முதலில் இயக்க வேண்டும். உள் எஞ்சினைக் கடைசியில் இயக்கி, அதன் தொட்டியைச் சிரிஞ்சால் மறுபடியும் நிரப்பிவிட வேண்டும்.

தாளில் இது அச்சாகியிருந்தது. படித்துமிருந்தேன். ஆனால் அன்று காலை வெளி எஞ்சின் முரண்டு பிடித்தது. உள் எஞ்சின் ஒரே சுண்டலில் பிடித்துக்கொண்டது. பிடித்ததை நிறுத்த மனம் வரவில்லை. ஓடட்டும் என்று விட்டு, மற்றதோடு மல்லாடினேன். அதுவும் ஓடத் தொடங்கியவுடன், பையன் கையை விட, விமானம் எழுந்தது. இரண்டு எஞ்சின்களின் ரீங்காரம் சேர்ந்தும் பிரிந்தும் ஒலித்தது. அதைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது. ஏரிக்கரையில் மாடு மேய்த்த பெரியவர் எழுந்து நின்றார். பதினைந்து சுற்று இருக்கும். உள் எஞ்சின் நின்றது. மூக்கு என் பக்கம் திரும்பியது. கம்பி வளைந்து தொங்குவதைக் கண்டேன், பின்னோக்கி ஓடினேன், இரண்டடி ஓடுவதற்குள் விமானம் தரையில் குத்திற்று.

பையன் அழவில்லை. உடைந்த இறக்கையைப் பொறுக்கிக்கொண்டே, "ஒன்று நின்றால் இன்னொன்று போதாது போல, மாமா" என்றான். வண்டியில் வரும்வழியெல்லாம் வேறு பேச்சில்லை. தவறு எஞ்சினுடையதன்று, என்னுடையது என்று பலமுறை சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை.

வீட்டிற்கு வந்தபின் அவனிடம் சரஸ் விமானத்தைப் பற்றிக் கூறினேன். நம் ஊர்த் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடம் வடிவமைத்த, பதினான்கு பேர் அமரும் இரட்டை எஞ்சின் விமானம் அது. முதற்பறப்பு 2004 மே 29. 2009 மார்ச் 6-ஆம் நாள், பறக்கும்போதே ஓர் எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனையில், மைசூர் மார்க்கத்திலுள்ள பிடதி அருகே அதன் இரண்டாம் மாதிரி வீழ்ந்தது. விமானப் படையின் சோதனை அதிகாரிகள் மூவர் உயிர்நீத்தனர். வேண்டுமென்றே ஏன் எஞ்சினை நிறுத்தினார்கள் என்று கேட்டான். பயணிகளை ஏற்றியபின் அது தானே நிற்கும் நாள் வரலாம். அன்று என்ன செய்வதென்று அறிந்து வைக்கவே நிறுத்தினார்கள் என்றேன். "பிறகு?" என்றான். திருத்தியமைத்த மாதிரி 2018 ஜனவரியில் மீண்டும் பறந்தது என்றேன். நெடுநேரம் கழித்து எழுந்துபோய் அரால்டைட் குழாயை எடுத்துவந்தான்.

இறக்கையைச் செப்பனிட ஆறு வாரம் ஆயிற்று. இம்முறை எஞ்சின்களை இயக்கும் வரிசையை அவனே ஒரு அட்டையில் எழுதி, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினான். நம் நிலையங்களில் விதிகளை எழுதி மாட்டுவதுபோல. வெளி எஞ்சின் பிடிக்காவிட்டால் இரண்டையும் நிறுத்தி ஆதிமுதல் தொடங்க வேண்டும் என்பது அதில் மூன்றாவது விதி. அது எனக்காகவே எழுதப்பட்டது என்பதை அறிவேன்.

மீண்டும் மாலூர், இம்முறை என் தங்கையும் உடன் வந்தாள். மூன்றாவது விதியை இருமுறை கடைப்பிடிக்க நேர்ந்தது. பிறகு விமானம் எழுந்தது. இருபது சுற்றுக்கு மேல் சீராகப் பறந்து, ரீங்காரத்தில் பாதி சட்டென்று மறைந்தது. வெளி எஞ்சினின் விசிறி கண்ணுக்குத் தெரியும்படி அசைவற்று நின்றது. என் கையில் கம்பி மெலிந்தது, ஆனால் தளரவில்லை. மூக்கைச் சற்றே வெளிப்புறம் வைத்துக்கொண்டு, உயரம் குறைந்து, மார்பளவில், உள் எஞ்சின் தனியே இழுத்துக்கொண்டு போயிற்று. பையன் உரக்க எண்ணினான். அவ்வளவு உரக்க அவன் குரலை நாங்கள் கேட்டு மூன்றாண்டாகியிருந்தது. ஆறு சுற்று. அதன்பின் அதுவும் ஓய்ந்து, விமானம் புழுதியில் சறுக்கி, கவிழாமல் நின்றது.

அவ்விமானம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. கூட்டம் முடிந்தபின் சிறுவர்கள் வரிசையாக வந்து தொட்டுப் பார்க்கலாம். விசிறியைச் சுழற்ற வேண்டாம். இக்கலையை முறையாகக் கற்க விரும்பும் மாணவர்கள் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேரலாம். அங்கே இது பயிற்சியின் ஒரு பகுதி. வேறு ஐயங்கள் இருப்பின், அதோ கடைசி வரிசையில் தன் தாயின் அருகே உட்கார்ந்திருக்கும் என் மருமகனைக் கேளுங்கள்; என்னைவிட அவனுக்கே அதிகம் தெரியும். கேட்டால் பேசுவான்.