ஒரு பூச்சிக்கு இரண்டு சட்டை

அடி அண்ணாமலையைச் சுற்றி வருகிறவர்கள் மலையைப் பார்க்கிறார்களேயொழிய, வாய்க்கால் ஓரத்தில் பறப்பதைப் பார்ப்பதில்லை. நாம் பார்ப்போம். மயில் வசீகரன் என்னும் வண்ணத்துப்பூச்சிக்கு மழைக்காலத்தில் சிறகின் அடிப்புறத்தில் கண்போன்ற பொட்டுகள் உண்டு. வறண்ட காலத்தில் பிறப்பதோ பொட்டின்றி அசல் சருகாகவே இருக்கும். லின்னேயஸ் பண்டிதரே 1758-இல் இவற்றை இரண்டு இனமென்று பெயரிட்டுவிட்டார்! உண்மையில் ஒரே இனந்தான். தலையெழுத்தொன்றுமில்லை, புழுவாயிருக்கையில் உடம்பில் பட்ட பருவக்குறிகளே சட்டையைத் தீர்மானிக்கின்றன.

ஆபத்தும் இதிலேயேதான். ஆப்பிரிக்காவில் இதுபோன்ற ஒரு பூச்சிக்கு வெப்பமே மழைக்காலத்தின் குறி. பூமி சூடேறி, மழைமட்டும் பொய்த்தால்? மழைச்சட்டையோடு சருகில் உட்கார்ந்ததைப் பறவை சும்மா விடுமா? குறியை வேறுவிதமாய் உணரும் பரம்பரை வேற்றுமை அப்பூச்சிகளிடம் மிகக் குறைவென்று 2018-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். பொறுக்கியெடுக்க வேற்றுமையே இல்லாதபோது, இயற்கை எதைக் கொண்டு அதைத் திருத்தும்?