‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால்



நம்மூர் தீபத் திருவிழாவை மாணவர்கள் ஒரே காணொளியாக எடுத்து வந்தார்கள். 5 ஜிபி. பென் டிரைவில் 14 ஜிபி காலியாக இருந்தும் ஏறவில்லை. “டிரைவ் போலி சார்” என்றான் ஒருவன். போலி இல்லை. அது ஃபேட்32 முறையில் இருந்தது. கோப்பின் அளவைக் குறிக்க ஃபேட்32 ஒதுக்குவது 32 பிட் மட்டுமே. அதனால் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. டிரைவில் உள்ளதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினோம், ஏறிவிட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் எக்ஸ்ஃபேட் ஆக்கிவிடலாமா? வகுப்பறையில் பழைய தொலைக்காட்சி இருந்தால் ஒரு பென் டிரைவையாவது ஃபேட்32-இல் விட்டுவையுங்கள். பல பழைய பெட்டிகளுக்கு அது மட்டும்தான் தெரியும். விண்டோஸ் கணினிகளுக்குள் மட்டுமே சுற்றும் ஹார்டு டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ் நல்லது. லினக்ஸில் எக்ஸ்ஃபேட் வசதி 2019-இல் வந்த 5.4 கெர்னலில்தான் சேர்ந்தது. விலையில்லா மடிக்கணினியின் பழைய பாஸ் லினக்ஸில் தனி மென்பொருள் தேவைப்படலாம்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் உள்ள டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், “ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்” என்று கேட்கும். உள்ளே மூன்றாண்டு ஆண்டுவிழாப் படங்கள் பத்திரமாகவே இருக்கும். அந்தக் கணினிக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ‘கேன்சல்’ கொடுங்கள். லினக்ஸ் கணினியில் செருகிப் பாருங்கள். அங்கும் திறக்காவிட்டால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். திறந்தால் முதல் வேலை நகலெடுப்பது. பழுது பார்ப்பது பிறகு.