தங்கவயலின் காற்றும் மழையும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தமிழகத்துக்கு வெளியே தமிழர் குடியேறி வாழ்ந்த ஊர் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசலாம் என்று நாம் முடிவு செய்தோம். அதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்பில் தங்கவயலைப் பிறந்தகமாகக் கொண்ட குடும்பங்கள் பல இருக்கின்றன. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் அவ்வூரைத் திரைப்படங்களின் வாயிலாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். 2018இலும் 2022இலும் வந்த கன்னடப் படங்களையும், 2024இல் வந்த "தங்கலான்" என்னும் தமிழ்ப் படத்தையும் பார்த்தவர்கள் தங்கத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள், காற்றடித்தால் என்ன செய்தார்கள், மழை பெய்தால் எங்கே ஒதுங்கினார்கள் என்று கேட்பார் இல்லை. அதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1802இல் நில அளவைப் பணிக்காக வந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர், அப்பகுதியில் மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சைக் கேட்டு ஆராய்ந்தார். பின்னர் 1871இல் பெங்களூரில் ஓய்வு பெற்று வாழ்ந்த லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் மாட்டு வண்டியில் அங்கே சென்று தேடினார். 1875இல் மைசூர் அரசிடம் உரிமமும் பெற்றார். 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்து சேர்ந்த பின்னரே தொழில் நிலைபெற்றது. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்னும் சுரங்கங்கள் பெரும் புகழ் பெற்றன. சாம்பியன் ரீப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன் வெட்டி எடுக்கப்பட்டது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மைய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கங்கள் மூடப்பட்டன.

இந்தப் பொன்னை வெட்டியவர்கள் யார்? வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் வறண்ட சிற்றூர்களிலிருந்து சென்ற நம் மக்களே பெரும்பான்மையினர். அவர்களுள்ளும் ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்ட ஏழை உழவுத் தொழிலாளரே மிகுதி. சொந்த ஊரில் நிலமும் இல்லை, மதிப்பும் இல்லை. ஆதலின் பாதாளத்தில் இறங்கத் துணிந்தார்கள். சித்தூர்ப் பகுதியிலிருந்து வந்த தெலுங்கரும், கன்னட மக்களும், ஆங்கிலோ இந்தியரும் அவர்களோடு வாழ்ந்தார்கள்.

இருப்புப்பாதைப் பணியில் இருப்போருக்கு மற்றொரு செய்தியும் இனிப்பாக இருக்கும். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் பாதை போடப்பட்டது. அப்பாதையில் உள்ள பங்காருப்பேட்டைக்குப் பழைய பெயர் பௌரிங்பேட்டை. மைசூரில் ஆணையராக இருந்த பௌரிங்கின் பெயர் அது. 1894இல் அங்கிருந்து மாரிக்குப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நிலையங்களின் பெயர்களைச் சொன்னாலே, நம் குடியிருப்பின் முதியோர் சிலருக்குக் கண் கலங்கும். கரியும் இயந்திரமும் அவ்வழியே உள்ளே போயின. தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக நம் மக்களும் அவ்வழியே போனார்கள்.

போனவர்கள் குடியிருந்த வீடு எத்தகையது? வரிசை வரிசையாக அமைந்த அக்குடியிருப்புகளுக்கு "லைன்" என்று பெயர். தொடக்கத்தில் மூங்கில் தட்டியே சுவர். பெரும்பாலும் ஓர் அறையே வீடு. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்வார்கள். அது சுரங்கத்துக்கு வந்த மின்சாரமே அன்றித் தட்டி வீட்டுக்கு வந்த மின்சாரம் அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நேர்மையாகும்.

இனிக் காற்றுக்கு வருவோம். பாறையை வெட்டி மேலே கொண்டுவந்து மாவாக அரைப்பார்கள். அந்த மாவைச் சயனைடு கலந்த நீரில் ஊற வைத்தால் பொன் கரைந்து பிரியும். ஒரு டன் பாறையில் சில கிராம் பொன்தான் கிடைக்கும். எஞ்சியது அத்தனையும் கழிவு. அக்கழிவைக் குழைத்துக் கொண்டுபோய்க் குவித்த இடங்களே "சயனைடு மலைகள்" எனப்படுகின்றன. சிறிதும் பெரிதுமாகப் பதின்மூன்று மேடுகள். மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட மண். தொலைவிலிருந்து பார்ப்போருக்கு அவை அழகிய மணற்குன்றுகளாகத் தோன்றும். பல திரைப்படங்களை அங்கே பிடித்திருக்கிறார்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. தங்கவயலில் ஆடிக் காற்றில் மலையே பறக்கும். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் பருவக் காற்று அந்த மேடுகளின் மேல் தவழ்ந்து, மாவு போன்ற தூளை அள்ளிக்கொண்டு வரும். சற்று நேரத்தில் எதிர் வீடு தெரியாது. நம் குடியிருப்பில் வாழும் மூதாட்டியார் ஒருவர் தம் இளமைக் கால வழக்கத்தை நமக்குச் சொன்னார். காற்று எழும் முன், விடியற்காலையிலேயே உலை வைத்து இறக்கிவிடுவார்களாம். குடத்தின் வாயை ஈரத் துணியால் கட்டிவிடுவார்களாம். கேழ்வரகுக் களியைக் கிண்டி, மேலே தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் துணியையும் போர்த்தி வைப்பார்களாம். அப்படியிருந்தும் முதல் உருண்டையிலேயே பல்லில் மண் கடிபடும் என்றார். கொடியில் காயும் புடவையை எடுத்து உதறினால், உதறியவர் தலை நரைத்துவிடுமாம். இதைச் சொல்லும்போது அந்த அம்மையார் சிரித்தார். தொடர்ந்து, தம் கணவர் ஐம்பது வயதுக்குள் இருமி இருமியே மாய்ந்தார் என்பதைச் சொல்லும்போதும் அவர் குரல் உயரவில்லை.

சயனைடு என்ற பெயரைக் கேட்டவுடன் அதுவே கொடிய நஞ்சு என்று பலர் அஞ்சுவர். வெயிலிலும் காற்றிலும் கிடக்கும் சயனைடு நாளடைவில் சிதைந்து போகும். சிதையாது நிற்பது பாறைத் தூளே. அதிலுள்ள நுண்ணிய சிலிக்கா நுரையீரலுள் சென்று தங்கினால் வெளியே வாராது. மூச்சுப் பைகளைச் சிறிது சிறிதாக இறுகச் செய்துவிடும். சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்கு முற்றான மருத்துவம் இன்றும் இல்லை. சுரங்கத்துள் துளையிட்டவர் அத்தூளை உள்ளேயே உண்டார். அவர் மனைவி மக்கள் அதை வீட்டு வாசலில் உண்டார்கள். மேடுகளின் மேல் மரமும் புல்லும் வளர்க்கச் செய்த முயற்சிகள் சில இடங்களில் பயன் தந்திருக்கின்றன. ஆனால் மேடுகள் முழுவதையும் பசுமை போர்த்திவிடவில்லை.

அடுத்து மழை. கோலார் மாவட்டம் வற்றாத ஆறு இல்லாத வறண்ட நிலம். ஆதலின் ஏரிகளை நம்பியே வாழும். தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் மேல் அமைந்தது. வாணியம்பாடியையும் வேலூரையும் தொட்டுச் செல்கிறதே, அதே பாலாறுதான். ஊரை விட்டுச் சென்ற நம் மக்கள், தம் ஊர் ஆற்றின் தலைமாட்டில் போய்க் குடியேறினார்கள் என்று சொல்லலாம்.

சித்திரை, வைகாசியில் இடியும் ஆலங்கட்டியுமாகக் கோடை மழை கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் எழுந்தால், கடலே காணாத அவ்வூரிலும் நாள் முழுதும் அடைமழை பிடிக்கும். தட்டிச் சுவருக்குப் பின் தகரக் கூரை வந்த காலத்தில், காற்றுக்குத் தகரம் பறந்துவிடாதிருக்க அதன்மேல் கல்லைத் தூக்கி வைப்பார்கள். கூரை நின்றுவிடும், ஆனால் மழை தகரத்தில் விழும் ஓசையில் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கேளாது. அதில் ஒரு துன்பம் இருந்தது. அதை விளக்கினால்தான் தங்கவயலின் மூன்றாவது புயல் உங்களுக்கு விளங்கும்.

ஊர் முழுவதும் சுரங்கத்தின் சங்கொலியைக் கேட்டே எழும், உண்ணும், உறங்கும். முறை மாறும் வேளைகளில் சங்கு ஊதும். மாலைச் சங்கு ஊதினால் உலையில் அரிசி போடலாம். ஆனால் வேளையல்லா வேளையில் சங்கு ஊதினால், கீழே ஏதோ நேர்ந்துவிட்டது என்று பொருள். ஆழம் கூடக் கூட மேலுள்ள பாறையின் பாரம் கூடுகிறது. வெட்டி எடுத்த வெற்றிடத்தைச் சுற்றி நெருக்கம் சேர்ந்து சேர்ந்து, ஒரு நொடியில் பாறை வெடித்துச் சிதறும். மேலே ஊரில் தட்டுமுட்டுகள் அதிரும், சுவர் விரியும். நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவிகளை நிறுவி அறிஞர்கள் அவ்வெடிப்புகளை ஆராய்ந்தார்கள். பெண்களுக்குக் கருவி தேவைப்படவில்லை. காலடி மண் அதிர்ந்ததும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுரங்க வாய்க்கு ஓடி, மேலே வரும் ஒவ்வொரு கூண்டிலும் தம் ஆளின் முகத்தைத் தேடி நிற்பார்கள்.

மழை நாளில் தகர ஓசையால் சங்கு கேளாது என்று சொன்னோம் அல்லவா? ஆகையால், கணவனோ மகனோ கீழே இறங்கியிருக்கும் வேளையில் பெருமழை பிடித்தால், வீட்டில் ஒருவர் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் நிற்பாராம். மழையில் நனைந்தபடி சங்குக்குச் செவி கொடுத்து நிற்பதே அவர் வேலை. "என் மாமியார் நின்றார், பின்பு நான் நின்றேன்" என்றார் அந்த மூதாட்டியார். எண்ணூறு டன் பொன்னைப் பற்றி எழுதியவர் பலர். சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் நின்ற அந்தப் பெண்களைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்?

ஆயினும் தங்கவயல் மக்கள் துன்பத்தை மட்டும் சேர்த்து வைக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் வேரூன்றியது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டு வழங்கிய சித்தார்த்த புத்தகசாலை தங்கவயலில்தான் நடந்தது. பகலில் பாறை உடைத்தவர்கள் இரவில் தமிழ் படித்தார்கள். 1930இல் தொழிலாளர் அனைவரிடமும் கைரேகை பதிக்க முற்பட்டபோது, அது குற்றவாளிக்குச் செய்வது என்று கூறி அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை அறிஞர்கள் பதிவு செய்தார்கள். உலக அறிவியல் வரலாற்றில் இடம்பெற்ற அந்த ஆய்வு, நம் மக்கள் வெட்டிய குகையில்தான் நடைபெற்றது.

சுரங்கம் மூடிய பின் என்ன ஆயிற்று? நீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்றன. நூறாண்டு வெட்டிய சுரங்கங்களில் நீர் நிறைந்தது. சங்கொலியும் நின்றது. இன்று தங்கவயலின் இளைஞர் பலர் இருள் பிரியும் முன்பே மாரிக்குப்பம் வண்டியில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள். கூலியாட்களைக் கொண்டுவந்து இறக்கிய கிளைப்பாதையே இன்று அவ்வூரை உயிரோடு வைத்திருக்கிறது. காற்றும் மழையும் மட்டும் மாறவில்லை. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியதை வேலூர்ப் பக்கத்து உறவினர் நமக்குச் சொன்னார்கள். அத்தகைய மழை பெய்யும்போதெல்லாம் சயனைடு மேடுகள் ஓடை ஓடையாக அறுந்து, வண்டல் கீழே இறங்குகிறது. ஆடி வந்தால் தூள் பறக்கிறது. பொன் போன இடத்துக்குப் போய்விட்டது. தூசி உரியவர்களுக்கென்று விடப்பட்டிருக்கிறது.

அன்பர்களே! தங்கம் தீர்ந்தது, ஊரும் தீர்ந்தது என்று சிலர் கூறுகிறார்கள். அக்கூற்றை நாம் ஏற்க இயலாது. ஊர் என்பது மண்ணுக்குக் கீழே இருப்பது அன்று. மேலே வாழ்வோரே ஊர். ஆதலின் நம் சங்கம் இரண்டு பணிகளை மேற்கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறோம்.

முதலாவது, நம் குடியிருப்பில் தங்கவயலில் பிறந்து வளர்ந்த முதியோர் சொல்லும் செய்திகளைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். எந்த லைனில் வாழ்ந்தார்கள், எந்த ஊரிலிருந்து போனார்கள், எந்த ஆழத்தில் வேலை செய்தார்கள் என்பன எல்லாம் அவர்களோடு மறைந்துவிடக் கூடாது. பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டியிடம் ஒரு குறிப்பேட்டோடு உட்கார்ந்தால் போதும். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து வைத்தால் இன்னும் நன்று.

இரண்டாவது, சுரங்கத்தில் உழைத்து நெஞ்சு நோய் கண்டவர்களின் குடும்பங்கள் தமக்குரிய உதவித்தொகையைக் கேட்டு எழுதத் தெரியாமல் இருக்கின்றன. பழைய சம்பளச் சீட்டு, மருத்துவச் சீட்டு ஆகியவற்றை எங்கே காட்டுவது, யாருக்கு விண்ணப்பிப்பது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. நாம் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஆனால் இருபது ஆண்டுகளாக அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதுவதும், கோப்பு எங்கே தங்கியிருக்கிறது என்று தேடுவதுமே நமது தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் சங்கப் படிப்பகத்தில் அமர்ந்து அப்பணியைச் செய்ய நாம் அணியமாக இருக்கிறோம். உதவ விரும்பும் நண்பர்கள் பெயர் கொடுக்கலாம். உறவினர் யாரேனும் அந்நிலையில் இருந்தால் தாள்களை எடுத்துவரச் சொல்லலாம்.